பேருந்து நிலையத்தை நம்பிய திரையரங்கு: தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் ஒரு தொழில் கரைந்த விதம்

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ நகரின் நடுவே நின்ற ஒரு பழைய திரையரங்கு இடிக்கப்படும்போது, அதற்கான காரணம் யாரும் கேட்காமலேயே சொல்லப்பட்டுவிடுகிறது. டிவி வந்தது, கேபிள் வந்தது, திருட்டு சிடி வந்தது, கடைசியில் செல்போன் வந்து முடித்துவைத்தது என்பது அந்த விளக்கம். இதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் கால வரிசையோடு வைத்துப் பார்த்தால் இது முழுமையாகப் பொருந்தவில்லை. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டில் தொடங்கியது. வாடகைக்கு வீடியோ டெக் எடுத்து விடிய விடியப் படம் பார்க்கும் வழக்கம் எண்பதுகளில் பரவியது. சன் டிவி 1993 ஏப்ரலில் வந்தது. இவை அனைத்தையும் தாங்கிக்கொண்டு மாவட்டத் தலைநகர அரங்குகள் ஓடின. எண்பதுகளில் புதிதாகக் கட்டப்பட்டவையும் உண்டு. மூடல்கள் அடுத்தடுத்து நிகழ்ந்தது பெரும்பாலும் 2000-க்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில்தான். அப்படியானால் அந்த இருபது ஆண்டுகளில் மாறியது எது என்று கேட்க வேண்டியிருக்கிறது. சிறுநகரத்து அரங்கு எதை விற்றுப் பிழைத்தது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அதற்கு விடை சொல்ல முடியாது.

தென்னிந்தியாவில் படம் காட்டும் தொழில் கூடாரத்தில் பிறந்தது. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து கருவியை வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டப் புறப்பட்டதும், 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தர அரங்கை எழுப்பியதும் பலரும் அறிந்த செய்திகள். 1935-இல் டி.ஆர். சுந்தரம் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியபோது, தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அதே சேலம் மாவட்டத்தின் வட பகுதித் தாலுக்காக்களாக இருந்தன. படம் எடுக்கும் தொழிற்சாலை ஒன்று தருமபுரியிலிருந்து அறுபத்தைந்து கிலோமீட்டர் தொலைவில் இயங்கினாலும், இங்கிருந்த மக்களில் பெரும்பாலோர் படம் பார்த்தது டூரிங் கொட்டாயில்தான். அறுவடை முடிந்த காலத்தில் ஊருக்கு வெளியே கீற்று வேய்ந்து, மணலைக் குவித்து உட்கார வைத்து, ஒற்றைக் கருவியைக் கொண்டு ரீல் மாற்றும் நேரமெல்லாம் இடைவேளை விட்டுக் காட்டப்பட்ட படங்கள் அவை.

கொட்டாயிலிருந்து கட்டடத்துக்கு மாறிய வரலாற்றைச் சட்டத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 1955-இல் இயற்றப்பட்ட சென்னை சினிமாக்கள் ஒழுங்குமுறைச் சட்டமும் அதன் கீழ் 1957-இல் வந்த விதிகளும் படம் காட்டும் இடங்களை நிரந்தரம், பகுதி நிரந்தரம், டூரிங் என்று தரம் பிரித்தன. உரிமம் தரும் அதிகாரம் மாவட்ட ஆட்சியரிடம் இருந்தது. டூரிங் கொட்டாய்க்கு ஓரிடத்தில் குறிப்பிட்ட காலமே அனுமதி. நிரந்தர அரங்கிலிருந்து இவ்வளவு தூரம் தள்ளித்தான் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடும் உண்டு. நிரந்தர அரங்கு கட்டுபவர் படம் காட்டுவதற்கான சி ஃபார்ம் உரிமத்தைப் பெறுவதற்கும் புதுப்பிப்பதற்கும் பொதுப்பணித் துறையின் கட்டட உறுதிச் சான்று, மின் ஆய்வாளர் சான்று, சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறையின் ஒப்புதல் என்று பல மேசைகளைத் தாண்டியாக வேண்டும். இது தொல்லைதான், ஆனால் தொல்லைகளைத் தாண்டியவருக்கு ஒரு பாதுகாப்பு வளையமும் கிடைத்தது. நினைத்தவரெல்லாம் எதிரே இன்னொரு அரங்கு திறந்துவிட முடியாது. ஊரில் வசதியும் செல்வாக்கும் உள்ள மண்டிக்காரர், மில் முதலாளி, பேருந்து முதலாளி போன்றோர் பல சிறுநகரங்களில் அரங்கு உரிமையாளராக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருத இடமிருக்கிறது.

1965 அக்டோபர் 2-ஆம் தேதி சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமானது. ஒரு தாலுக்கா ஊர் மாவட்டத் தலைநகராக மாறும்போது ஆட்சியர் அலுவலகமும் நீதிமன்றங்களும் தலைமை மருத்துவமனையும் மட்டும் வருவதில்லை. அவற்றை நாடி நாள்தோறும் பேருந்தில் வந்து இறங்கும் கூட்டமும் வருகிறது. பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் அரங்குகள் அமைந்ததன் பொருள் இதுதான். வாய்தாவுக்கு வந்தவர், மருந்து வாங்க வந்தவர், கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்த குடும்பம் ஆகியோர் வேலை முடிந்ததும் மாட்னி பார்த்துவிட்டு, முதல் ஆட்டம் தொடங்கும் நேரத்தில் ஊருக்குப் பேருந்து ஏறினார்கள். இரண்டாம் ஆட்டத்துக்கு உள்ளூர்க்காரரும், சைக்கிளில் வரத் துணிந்த இளைஞரும், லாரிக்காரரும் வந்தனர். பேருந்தின் கடைசி நடை எத்தனை மணிக்கு என்பதைத் தெரிந்துவைத்துக்கொண்டுதான் பல அரங்குகளில் மாலைக் காட்சியின் நேரத்தை முடிவு செய்தார்கள். இந்தக் காலத்தில் கிருஷ்ணகிரி நகருக்கு ரயில் வண்டி இல்லாததால், அங்கே அரங்கின் பிழைப்பு முழுக்க முழுக்கச் சாலையையும் பேருந்தையும் நம்பியே இருந்தது.

கூட்டம் ஆண்டு முழுதும் ஒரே சீராக இருந்ததில்லை. கிருஷ்ணகிரிப் பக்கத்தில் மா அறுவடையும் மாங்கூழ் ஆலைகளும் நடக்கும் கோடை மாதங்களில் கையில் காசு புழங்கும். மானாவாரி நிலத்தையே நம்பிய தருமபுரியிலிருந்து கட்டட வேலைக்கும் பிற கூலி வேலைக்கும் பெங்களூர் போனவர்கள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும்தான் ஊர் திரும்புவார்கள். பண்டிகை வாரத்தில் எந்தப் படம் ஓடுகிறது என்பது அரங்குக்காரருக்கு ஆண்டு வருமானத்தின் கேள்வியாக இருந்தது. தெலுங்கும் கன்னடமும் உருதுவும் வீட்டு மொழியாக உள்ள குடும்பங்கள் ஏராளமாக வாழும் கிருஷ்ணகிரி, ஓசூர் பகுதியில் தெலுங்குப் படங்களுக்கும் நிலையான பார்வையாளர்கள் இருந்ததால், நல்ல தமிழ்ப் படம் கிடைக்காத வாரத்தை அவற்றைக் கொண்டு நிரப்பிக்கொள்ள முடிந்தது.

டிக்கெட் வருமானம் ஒன்றையே வைத்து அரங்கின் கணக்கைப் பார்ப்பவர்கள் பாதியைத் தவறவிடுகிறார்கள். தரை, பெஞ்சு, சேர், பால்கனி என்று வகுப்பு பிரித்த எண்ணூறு ஆயிரம் இருக்கைகளுக்கு வெளியே, சைக்கிள் ஸ்டாண்டும் கேண்டீனும் தனித்தனிக் குத்தகைகள். அவற்றுக்கு முன்பணம் உண்டு. அந்த முன்பணத்தைக் கொண்டு வினியோகஸ்தரிடம் படம் எடுப்பதும் உண்டு. இடைவேளையில் காட்டும் சிலைடு விளம்பரம் நகைக்கடை, ஜவுளிக்கடைகளிலிருந்து மாதச் சந்தாவாக வந்தது. பல ஊர்களில் உரிமையாளர் ஒருவராகவும் அரங்கை லீசுக்கு எடுத்து நடத்துபவர் வேறொருவராகவும் இருந்தனர். மூன்றாண்டு ஐந்தாண்டு லீசுக்காரர் கழிப்பறையைப் புதுப்பிக்கவோ இருக்கையை மாற்றவோ பணம் போடமாட்டார். வாடகை வந்தால் போதும் என்றிருக்கும் உரிமையாளரும் போடமாட்டார். மூட்டைப்பூச்சிக்கும் மூத்திர நாற்றத்துக்கும் பேர் போன அரங்குகள் அப்படி ஆனதற்கு உரிமையாளரின் கஞ்சத்தனத்தைக் காட்டிலும் இந்த ஏற்பாடே பெரிய காரணம் என்பது என் கருத்து.

இனி, அரங்கு எதை விற்றது என்ற கேள்விக்கு வரலாம். தமிழ்நாட்டுத் திரைப்பட வினியோகம் மாவட்டங்களை ஏரியாக்களாகப் பிரித்து நடக்கிறது. சென்னை, செங்கல்பட்டு, கோவை, மதுரை, திருச்சி, திருநெல்வேலி என்பவற்றைப் போலவே சேலம் ஒரு ஏரியா. அரசு வரைபடத்தில் பிரிந்துபோன தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சினிமாக் கணக்கில் இன்றும் சேலம் ஏரியாவுக்குள்தான் இருக்கின்றன. ஏரியாவுக்கான உரிமையை வாங்கிய வினியோகஸ்தர் அதற்கென்று எடுத்துவரும் பிரிண்டுகளோ, அதாவது படச்சுருள் பிரதிகளோ, எண்ணக்கூடிய அளவுதான். ஏனென்றால் பிரிண்டு என்பது விலையுயர்ந்த, கனமான பொருள். நொடிக்கு 24 சட்டகம் ஓடும் 35 மில்லிமீட்டர் படச்சுருள் நிமிடத்துக்கு 90 அடி தீரும். இரண்டே முக்கால் மணிநேரத்தை ஒட்டிய ஒரு தமிழ்ப் படத்துக்கு நாலு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சுருள் வேண்டும். ஆயிரம் அடிக்கு ஒரு ரீல் என்று பதினான்கு, பதினாறு ரீல்களாகத் தகரப் பெட்டிகளில் அடைத்து அது பேருந்திலும் லாரியிலும் வரும். ஊரில் யாரைக் கேட்டாலும் "பொட்டி வந்தாச்சா" என்பதுதான் வெள்ளிக்கிழமைக் காலையின் கேள்வி.

பிரிண்டு அரிதாக இருந்ததால் படம் வரிசையாகத்தான் இறங்கும். ஏரியாவின் தலைநகரான சேலத்தில் முதலில் வெளியாகும். வினியோக வரிசையில் அடுத்த நிலையில் இருப்பதால் பி சென்டர் எனப்படும் தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற ஊர்களுக்குப் பெரிய நடிகரின் படமாக இருந்தால் அன்றே வரலாம்; இல்லாவிட்டால் சில வாரம் கழித்து, வேறு ஊரில் ஓடி முடிந்த பிரிண்டை மாற்றி அனுப்பும் ஷிஃப்டிங்கில் வரும். பிறகு அது பாலக்கோடு, பென்னாகரம், அரூர், ஊத்தங்கரை என்று நகர்ந்து, கீறல் விழுந்து, நடுநடுவே சில அடிகள் வெட்டுப்பட்டு, கிராமத்துக் கொட்டாய்க்கு வந்து சேரும். ஒரே பிரிண்டை இரண்டு அரங்குகள் பகிர்ந்துகொண்டு, இங்கே ஓடி முடிந்த ரீலைச் சைக்கிளில் வைத்து அங்கே கொண்டு ஓடிய கதைகளும் இந்த வரிசையின் பகுதிதான். மாவட்டத் தலைநகர அரங்கு அந்த வரிசையில் பிடித்திருந்த இடம் லாபமானது. அதற்குப் பின்னால் இருந்த கிராமங்களுக்குப் படம் போய்ச் சேர மாதங்கள் ஆகும் என்பதால், பொறுக்க முடியாதவர்கள் பேருந்து ஏறி நகரத்துக்கு வந்தாக வேண்டியிருந்தது. ஆயிரம் இருக்கைகளை ஒரே நாளில் நிரப்ப வேண்டிய தேவை அரங்குக்கு இல்லை. நான்கு வாரம், ஆறு வாரம் என்று நிதானமாக நிரம்பினால் போதும். தன் ஊருக்கு வந்து சேரும்வரை காத்திருக்க முடியாதவர்களின் அவசரத்தைத்தான் அது விலைக்கு விற்றது.

அரங்கை இயக்கிய மனிதர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். படக்கருவியை ஓட்டும் ஆபரேட்டருக்கு உரிமம் வேண்டும். அவர் இரண்டு கருவிகளை மாறி மாறி இயக்குவார். திரையின் மேல் மூலையில் தோன்றும் புள்ளியைக் கண்டதும் அடுத்த கருவிக்கு மாற்றுவார். ஒளி தரும் கார்பன் குச்சிகள் எரிந்து தேயத் தேய இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருப்பார். செனான் விளக்கு வந்த பிறகுதான் அந்த வேலை ஒழிந்தது. வினியோகஸ்தரின் ஆளாகப் பெட்டியோடு வரும் ரெப், ஒவ்வொரு காட்சிக்கும் டிக்கெட் கிழிப்பதை எண்ணி, தினசரி வசூல் அறிக்கையான டி.சி.ஆரில் கையெழுத்திட்டுத் தன் முதலாளிக்கு அனுப்புவார். அரங்குக்காரர் கணக்கை மறைக்காமல் பார்ப்பது அவர் வேலை. அவரைக் கவனித்துக்கொள்வது அரங்கு மேனேஜரின் வேலை.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் டிவியும் டெக்கும் கேபிளும் செய்த சேதம் மேலிருந்து கீழாக அன்றி, கீழிருந்து மேலாக நிகழ்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். முதலில் விழுந்தவை டூரிங் கொட்டாய்களும் சி சென்டர் எனப்படும் சிற்றூர் அரங்குகளும்தான். வரிசையின் கடைசியில் நின்றவர்களுக்குப் படம் வருவதற்கு முன்பே டெக்கிலும் கேபிளிலும் வந்துவிட்டது. அவை மூடியதால் தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் அந்தக் காலத்தில் கூட்டம் அதிகரிக்கக்கூடச் செய்தது. திருட்டு விசிடி வந்தபோதுதான் அடி மாவட்டத் தலைநகரை எட்டியது. ஷிஃப்டிங்கில் வரும் படத்துக்குக் காத்திருப்பதற்கான காரணம் பாதி போய்விட்டது.

மீதிப் பாதியைத் துடைத்தது டிஜிட்டல் திரையிடல். இது சற்று முரணாகத் தோன்றலாம்; ஏனெனில் சிறுநகர அரங்குகளுக்கு அது வரமாகவே அறிமுகமானது. 2005-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கியூப், யுஎஃப்ஓ போன்ற நிறுவனங்கள் பிரிண்டுக்குப் பதிலாக ஹார்டு டிஸ்க்கிலும் செயற்கைக்கோள் வழியாகவும் படத்தை அனுப்பத் தொடங்கின. படம் பூட்டப்பட்ட கோப்பாக வரும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை ஓட்டலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் சாவி தனியே வரும். கீறல் இல்லை, வெட்டு இல்லை, சேலத்தில் ஓடும் அதே தெளிவு தருமபுரியிலும். அதற்குமேல், பிரிண்டுச் செலவு என்ற தடை நீங்கியதால் எத்தனை அரங்கில் வேண்டுமானாலும் ஒரே நாளில் வெளியிடலாம். சென்னையோடு சேர்த்து அன்றே இங்கும் ரிலீஸ் என்று போஸ்டர் ஒட்டிய அரங்குக்காரர்கள் மகிழ்ந்தார்கள். மகிழ்ச்சிக்குக் காரணமும் இருந்தது.

ஆனால் ஒரே நாளில் எல்லா இடத்திலும் என்பது தயாரிப்பாளரின் கணக்கை முதல் மூன்று நாளுக்குள் சுருக்கிவிட்டது. சேலத்தில், தருமபுரியில், பாலக்கோட்டில், ஓசூரில் ஒரே வெள்ளிக்கிழமை ஒரே படம் என்றால், தருமபுரி அரங்குக்குப் பின்னால் காத்திருக்கும் கிராமம் என்று எதுவும் இல்லை. ஆறு வாரத்தில் நிரம்ப வேண்டிய ஆயிரம் இருக்கைகள் வெள்ளி முதல் ஞாயிறுவரை நிரம்பி, திங்கள் மாட்னிக்கு முப்பது பேராகிவிட்டன. நூறு நாள் ஓட்டத்துக்கு ஏற்ப வடிவமைத்த கட்டடத்தில் பத்து நாள் படங்களை ஓட்டுவது எப்படிக் கட்டுப்படியாகும்? பெரிய நடிகர்களின் படங்களுக்கு மினிமம் கியாரண்டி என்ற பெயரில் முன்பணம் கேட்டார்கள். சதவீத அடிப்படையில் கொடுத்தாலும் முதல் வார வசூலில் 70 விழுக்காடும் அதற்கு மேலும் வினியோகஸ்தருக்கே போனது. அரங்குக்குப் பங்கு உயரும் மூன்றாவது, நான்காவது வாரத்தில் பார்ப்பதற்கு ஆள் இல்லை. டிஜிட்டல் நிறுவனங்களுக்கான கட்டணத்தை யார் கொடுப்பது என்ற தகராறில் 2018 மார்ச் முதல் ஏப்ரல் பிற்பகுதிவரை புதிய தமிழ்ப் படங்களே வெளியாகாமல் நின்றதையும் இங்கே நினைவுகூரலாம்.

மற்றவை இதன்மேல் ஏறிய சுமைகள். டிக்கெட் விலையை அரசு நிர்ணயிக்கிறது. நீண்ட இடைவெளிக்குப் பிறகு 2017-இல்தான் அது உயர்த்தப்பட்டது. தமிழில் பெயர் வைத்த படங்களுக்கு 2006-இல் வந்த கேளிக்கை வரி விலக்கின் பலன் பார்வையாளருக்குப் போகவில்லை என்ற குறை அன்றே உண்டு. 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தபோது நூறு ரூபாய்வரை 18 விழுக்காடும் அதற்கு மேல் 28 விழுக்காடும் விதிக்கப்பட்டன. கூடவே உள்ளாட்சிகள் 30 விழுக்காடு கேளிக்கை வரி போடலாம் என்ற நிலை வந்ததால் மாநிலமெங்கும் அரங்குகள் சில நாள் மூடிக் கிடந்தன. பிறகு இரண்டும் குறைக்கப்பட்டன. அதற்கும் முன்பே, 2012-ஐ ஒட்டிய மின்வெட்டு ஆண்டுகளில், சென்னைக்கு வெளியே நாளின் பெரும்பகுதி மின்சாரம் இல்லாதபோது ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றியே சில அரங்குகள் நொடித்தன. ஏசி இல்லாத ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் கோடையில் மூன்று மணிநேரம் உட்கார யார் வருவார்கள்?

இதற்கிடையில் சாலையும் மாறியது. தங்க நாற்கரத் திட்டத்தில் சென்னை–பெங்களூர் சாலையும், வடக்கு–தெற்குத் திட்டத்தில் சேலம் நோக்கிய சாலையும் நான்கு வழியாகி, இரண்டும் கிருஷ்ணகிரியில் சந்திக்கின்றன. இரு சக்கர வண்டியும் காரும் உள்ள குடும்பத்துக்கு ஓசூர் ஒரு மணிநேரம். அதைத் தாண்டினால் பெங்களூரின் மால்கள். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பது என்ற பழைய அனுகூலம் வண்டி நிறுத்த இடமில்லாத நெரிசலாக மாறியது. அதே இடம் வேறொருவருக்குப் பொன்னாகத் தெரிந்தது. விதிப்படி சுற்றிலும் திறந்தவெளி விட்டுக் கட்டியதால், நகரின் நடுவே ஏக்கர் கணக்கை நெருங்கும் ஒரே துண்டு நிலம் அரங்குக்காரரிடம்தான் இருந்தது. ஜவுளிக்கடை, கல்யாண மண்டபம், வணிக வளாகம் ஆகிய எதைக் கட்டினாலும் அதன் மாத வாடகை, திங்கள் மாட்னிக்கு வரும் முப்பது பேரின் டிக்கெட்டைக் காட்டிலும் பல மடங்கு. உரிமையாளரின் பிள்ளைகள் மூவர் நால்வராக இருந்தால் பாகப்பிரிவினையில் அரங்கைப் பங்கு போட முடியாது, நிலத்தை முடியும். பல ஊர்களில் பூட்டுப் போட்ட ஆண்டுக்கும் இடித்த ஆண்டுக்கும் நடுவே உள்ள நீண்ட இடைவெளி இந்தக் குடும்பப் பேச்சுவார்த்தையின் கால அளவு.

2020 மார்ச் 17-ஆம் தேதி கொரோனாவால் மூடிய அரங்குகள் நவம்பர் 10-ஆம் தேதி பாதி இருக்கைகளோடு திறந்தன. 2021-இல் மீண்டும் மூடி ஆகஸ்டில் திறந்தபோது, நான்கு வாரத்தில் ஓடிடியில் படம் வந்துவிடும் ஏற்பாடு நிலைபெற்றிருந்தது. எட்டு வாரமாவது இடைவெளி வேண்டும் என்பது அரங்கு உரிமையாளர்களின் கோரிக்கை. பிழைத்த அரங்குகள் பெரும்பாலும் ஒரே வழியைத்தான் பின்பற்றின: ஆயிரம் இருக்கைக் கூடத்தை இடித்து அல்லது தடுத்து, இருநூறு முந்நூறு இருக்கை கொண்ட இரண்டு மூன்று திரைகளாக்கி, ஏசி போட்டு, ஒரே படத்தை முதல் நாள் எல்லாத் திரையிலும் ஓட்டிவிட்டு அடுத்த வாரம் ஒரு திரைக்குச் சுருக்குவது. மூன்று நாள் வியாபாரத்துக்கு ஏற்ற கட்டடம் அது. வியாபாரம் அப்படித்தான் என்ற பிறகு அவர்களைக் குறை சொல்ல முடியாது. இதில் விடுபட்டவர்கள் யார் என்பதுதான் பேசப்படாமல் இருக்கிறது. தரை டிக்கெட்டும் பெஞ்சும் போனதோடு, சந்தைக்கு வந்த கையோடு மாட்னி பார்த்த கிராமத்துப் பெண்களும் வயதானவர்களும் அரங்கின் கணக்கிலிருந்தே போய்விட்டனர். இணையத்தில் முன்பதிவு செய்து, வண்டியில் வந்து, அரங்குக்குள்ளேயே பாப்கார்ன் வாங்குபவரே இன்றைய பார்வையாளர்.

இந்த அரங்குகளின் வரலாற்றை எழுத முனைபவருக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. அரங்கு உரிமம் ஆட்சியர் அலுவலகக் கோப்பு என்பதால், கிருஷ்ணகிரி நகரத்தின் ஓர் அரங்கு ஐம்பதுகளில் கட்டப்பட்டிருந்தால் அதன் தொடக்கக் கோப்பு சேலத்திலும், 1965-க்குப் பிந்தையது தருமபுரியிலும், கிருஷ்ணகிரி தனி மாவட்டமான 2004 பிப்ரவரிக்குப் பிந்தையது கிருஷ்ணகிரியிலும் தேடப்பட வேண்டியவை. புதுப்பித்தல் நிற்கும்போது கோப்பும் முடிவுற்றதாகக் கருதப்பட்டுக் கழிவுக்குப் போகும் வரிசையில் சேர்ந்துவிடும். கட்டட வரைபடம், இருக்கை எண்ணிக்கை, வகுப்புவாரிக் கட்டணம் ஆகியவை வேறெங்கும் அவ்வளவு துல்லியமாகக் கிடைக்கப்போவதில்லை. எந்தப் படம் எத்தனை நாள் ஓடியது, எந்தக் காட்சிக்கு எவ்வளவு கூட்டம் என்ற விவரமோ டி.சி.ஆர். கட்டுகளில் மட்டுமே இருக்கும்; அவை சேலத்து வினியோக அலுவலகங்களிலும் பழைய மேனேஜர்களின் வீட்டுப் பரணிலும் இருந்தால் உண்டு. முதலில் போக வேண்டியது ஆட்சியர் அலுவலகத்துக்கா, ஆபரேட்டர்களின் வீட்டுக்கா என்று கேட்டால், ஆபரேட்டர்களின் வீட்டுக்கு என்பேன். கார்பன் விளக்கில் படம் ஓட்டியவர்களில் இளையவருக்கே இன்று அறுபது வயதை ஒட்டியிருக்கும்.